ராணி வெற்றிலை வாங்கிய கை

என் ஓரகத்தியின் கழுத்தில் தொங்கும் அட்டையிலிருந்துதான் இதை ஆரம்பிக்க வேண்டும். நீல நாடாவில் கோத்த சின்ன அட்டை. அதில் அவளுடைய போட்டோ, கீழே 'வழிகாட்டி' என்று அச்சு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அதை மாட்டிக்கொண்டு அவள் செல்லூர்ச் சந்துக்குள் நடந்து போனால், தறி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். அவளுக்குப் பின்னால் நானும் போவேன். என் இடுப்பில் புளியோதரைப் பாத்திரம் இருக்கும். என்னை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பாத்திரத்தைத்தான் பார்ப்பார்கள்.

அவள் என் கொழுந்தன் மனைவி. என்னைவிடச் சின்னவள், அதனால் என்னை அக்கா என்று கூப்பிடுவாள். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்தோம். இப்போது மாடியில் அவள் குடும்பம், கீழே என் குடும்பம். அவள் காலேஜ் படித்தவளாக இருந்தால் என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அவளும் பிளஸ் டூ, நானும் பிளஸ் டூ. மார்க் நான்தான் கூட வாங்கினேன். அது யாருக்கும் தெரியாது, நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் எதைத்தான் சொல்லியிருக்கிறேன்? பஸ்ஸில் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொன்னால், அவர் இரண்டு தடவை 'என்னம்மா?' என்று கேட்டுவிட்டு அவராகவே ஏதோ ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். அவர் கொடுத்த டிக்கெட்டுக்கு ஏற்ற இடத்தில் இறங்கி நடந்து போன ஆள் நான்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மேடம் இருக்கிறார். சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். பெண்கள் முன்னால் நின்று காரியம் செய்த இடங்களுக்கு மட்டும் ஆட்களைக் கூட்டிப் போய்க் காட்டவேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. மதுரையில் ஊர் சுற்றிக் காட்டுகிற வேன் நிறைய ஓடுகிறது. கோயில், மகால், தெப்பக்குளம் என்று போவார்கள். மேடத்தின் வேன் வேறு வழியில் போகும். மதுரையை ஆண்ட ராணியின் பேரில் ரயில்வே ஸ்டேஷன் எதிரே இருக்கும் சத்திரம், கோயில் மண்டபத்துக் கூரையில் அவளை வரைந்திருக்கும் படம், ஆற்றுக்கு வடக்கே அவள் இருந்த அரண்மனை, அப்புறம் கிழக்கே போய், வெள்ளைக்காரனிடமிருந்து தன் சீமையை மீட்ட சிவகங்கை ராணியின் மணிமண்டபம். இதில் நான் யாருடைய பேரையும் எழுதப்போவதில்லை. ராணிகள் யார் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் பேர் தெரிந்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

மேடம் ஒருநாள் எங்கள் தெருவுக்குக் கைத்தறித் துண்டு வாங்க வந்தார். வெயிலுக்கு எங்கள் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பேச்சுவாக்கில், அந்த ராணியைப் பற்றி இந்தப் பக்கம் ஏதாவது கதை சொல்வார்களா என்று கேட்டார். எனக்கு இரண்டு கதை தெரியும். முதலில் எதைச் சொல்வது, எப்படித் தொடங்குவது என்று நான் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் மாடிப்படியில் துணி காயப்போட வந்தவள் கூடையோடு அப்படியே நின்று இரண்டு கதையையும் சொல்லி முடித்துவிட்டாள். மூன்றாவதாக, ராணிக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றையும் சொன்னாள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த மாதம் நீல நாடா அட்டை வந்தது.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. அதையும் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். 'எங்க அக்கா நல்லா சமைப்பாக மேடம்' என்றாளாம். அன்றிலிருந்து வேனில் போகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு. புளியோதரை, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு, ஒரு துவையல். கடைசி சீட்டில் பாத்திரங்களைக் கட்டி வைத்து, அதைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

அந்தக் கடைசி சீட்டில் இருந்து கேட்டே அவள் பேசுவது முழுக்க எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. புளிக்காய்ச்சல் கிண்டும்போது அடுப்புக்கு முன்னால் நின்று அவளை மாதிரியே பேசிப் பார்ப்பேன். 'இங்க மேல பாருங்க, இந்த அம்மா நிக்குற நிலைய பாருங்க' என்று கரண்டியைத் தூக்கிக் காட்டுவேன். என் வீட்டுக்காரர் ஒருதரம் எட்டிப் பார்த்து, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டார். சாமிகிட்ட என்றேன். சரி, உப்புப் போட்டியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு இடது கைப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி எழுத்தை மட்டும் வலது கைக்கு மாற்றினேன். கரண்டி, கத்தி, துடைப்பம் எல்லாம் இன்றைக்கும் இடது கைதான். கல்யாணமான புதிதில் மாமனார் இலையில் இடது கையால் சோறு வைத்துவிட்டேன். அவர் சாப்பிடாமல் எழுந்து கை கழுவினார். அதற்குப் பிறகு பந்தியில் தண்ணீர் வைக்கிற வேலைதான் எனக்கு.

இந்த ராணியைப் பற்றிச் சொல்கிற கதைகளில் ஒன்று கையைப் பற்றியது. ஏதோ நினைப்பில் இருந்த ராணி, நீட்டிய வெற்றிலையை இடது கையால் வாங்கிப் போட்டுக்கொண்டாளாம். அப்புறம்தான் உறைத்ததாம். அந்தத் தப்புக்குப் பரிகாரமாகத்தான் ரோடு ரோடாகப் போட்டாள், இரண்டு பக்கமும் மரம் வைத்தாள், சத்திரம் கட்டினாள், தண்ணீர்ப் பந்தல் வைத்தாள் என்பார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்தக் கதையைக் கேட்கக் கேட்க எனக்கு அந்த ராணி மேலேயே பொறாமை வந்துவிட்டது. அவள் ஒரே ஒரு வெற்றிலையை வாங்கினாள். அதை இத்தனை காலம் கழித்தும் பேசுகிறார்கள், அவள் போட்ட ரோட்டில் பஸ் போகிறது. நான் பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் இடது கையால்தான் வாங்குகிறேன். எனக்குக் கிடைத்தது பிரம்படியும் தண்ணீர்ச் செம்பும்.

பங்குனி மாதம் மேடம் ஒரு செய்தி சொன்னார். ஆட்கள் அதிகம் வருகிறார்கள், அடுத்த மாதத்திலிருந்து இரண்டு வேன். இரண்டாவது வேனுக்குப் பேச இன்னொரு பெண் வேண்டும். யாரைப் போடலாம் என்று நீயே யோசித்துச் சொல் என்று என் ஓரகத்தியிடம் விட்டுவிட்டார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே இதைக் கேட்டேன். கையிலிருந்த தட்டை எத்தனை தடவை தேய்த்தேனோ தெரியாது.

அந்த வாரம் முழுக்க அவள் மாடியிலிருந்து இறங்கி வரும் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவேன். இப்போது சொல்வாள் என்று நினைப்பேன். கறிவேப்பிலை கேட்பாள். மோட்டார் போட்டாச்சா என்பாள். நானாகக் கேட்டிருக்கலாம். 'என்னய போடச் சொல்லேன்.' அவ்வளவுதான், மூன்றே வார்த்தை. அதைச் சொல்ல முடிந்திருந்தால் நான் எதற்குக் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கப் போகிறேன்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு மகளிர் குழு வந்தது. காடு கழனியில் வேலை செய்கிற பெண்கள், எல்லோரும் பட்டுச்சேலையும் பூவுமாக வந்திருந்தார்கள். குழுத் தலைவி பெரிய உடம்புக்காரர், என் வயசுதான் இருக்கும். மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு, என்ன கேட்டாலும் எல்லோருக்கும் சேர்த்து அவரே பதில் சொன்னார். அன்றைக்கு மேடமும் வேனில் வந்தார். ஏறும்போது என் ஓரகத்தியிடம், ஆள் பார்த்தாச்சா என்று கேட்டார். பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளை இருக்கிறாள் மேடம், காலேஜ் முடித்திருக்கிறாள், நல்லாப் பேசுவாள், நாளைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள் அவள். நான் தயிர்ச்சோற்றுப் பாத்திரத்தின் கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினேன். நன்றாகத்தான் கட்டியிருந்தது.

காலையில் சத்திரம் பார்த்தோம், கோயில் பார்த்தோம். கோயிலுக்குள் போனும் மைக்கும் கொண்டுபோக முடியாது. அவள் வெறும் தொண்டையில் பேசினாள். ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. சாமி கும்பிட வந்த வேற்று ஆட்கள்கூட நின்று அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். அந்தத் தொண்டை என்னிடம் இருந்தால் என்று நினைத்தேன். அப்புறம் அரண்மனை. இப்போது அது மியூசியம். வாசலிலேயே குழுப் பெண்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டார்கள். போட்டுக்கொண்டே போகலாம் என்று காவலுக்கு இருந்தவர் சொல்லிப் பார்த்தார். ராணி இருந்த வீட்டுக்குள் செருப்போடு எப்படிப் போவது என்று தலைவி அவரிடமே திருப்பிக் கேட்டார். கட்டாந்தரை கொதித்தது. பெண்கள் குதிகாலால் தத்தித் தத்தி நடந்தார்கள், ஆனால் யாரும் போடவில்லை.

வேன் கிழக்கே திரும்பியதும் அவள் வெற்றிலைக் கதையை எடுத்தாள். வழக்கமாக அதைச் சொல்லி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். அன்றைக்கு என்ன தோன்றியதோ, மைக்கோடு பின்பக்கம் திரும்பி என்னைக் காட்டினாள்.

"ராணியாச்சும் ஒரு தடவதான் பீச்சாங்கைய நீட்டுனாக. அந்தா கடைசில உக்காந்திருக்காகள்ல, எங்க அக்கா, அவுகளுக்கு எல்லாமே பீச்சாங்கைதான். எங்க அக்கா மட்டும் ராணியா இருந்திருந்தா மதுரையில இருந்து டெல்லி வரைக்கும் ரோடு போட்டிருக்கணும்."

வேனே சிரித்தது. டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்தார். மேடமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதான், வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால் நானே வீட்டில் போய்ச் சொல்லியிருப்பேன். ஆனால் பாத்திரத்தைப் பிடித்திருந்த இடது கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். என்னை இரண்டாவது வேனுக்குச் சொல்லாதவள், என்னை வைத்து ஒரு வேடிக்கை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வரிச்சியூர் தாண்டி, ரோட்டோரம் புளியமர நிழலில் வேனை நிறுத்தினார்கள். பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்தார்கள். பாக்குமட்டைத் தட்டுகளை வைத்துவிட்டு நான் புளியோதரை பரிமாற ஆரம்பித்தேன். மற்ற நாட்களில் குனிந்து விறுவிறுவென்று வைத்துக்கொண்டு போவேன், யாரும் கையைக் கவனிப்பதில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே. வரிசையில் முதலில் உட்கார்ந்திருந்த தலைவி தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏத்தா, பீச்சாங்கையில போடுறியே. சோத்தாங்கைக்கு மாத்திப் போடுத்தா."

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கரண்டியை வலது கைக்கு மாற்றினேன். வலது கையில் எனக்குப் பிடி இருக்காது. பாதிச் சோறு தட்டிலும் பாதி அவர் பட்டுச்சேலையிலும் விழுந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பெண், 'இவுகதான டெல்லி ரோடு' என்றாள். மறுபடியும் சிரிப்பு.

மேடம் அப்போது அங்கே இல்லை. போனில் பேசிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். என் ஓரகத்தி வேன் படியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அந்த வாரம் முழுக்க அடக்கி வைத்திருந்தது என் வாயில் வந்துவிட்டது. அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அவுக ரோடு போட்டது வெத்தலைக்காகன்னு நாம எதுக்கு நம்பணும்? ராசா ரோடு போட்டா சனங்க நடக்கட்டும்னு போட்டாருன்றோம். ராணி போட்டா மட்டும் ஏதோ தப்புப் பண்ணிட்டா, அதுக்குப் பரிகாரம்ன்றோம். நடந்து போறவுகளுக்குக் கால் சுடும்னு அவுகளுக்கே தோணியிருக்காதா?"

என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது. சேலையிலிருந்து சோற்றைத் தட்டிக்கொண்டிருந்த தலைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. கரண்டியை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தலைவி தட்டை முன்னால் நகர்த்தினார்.

"சரித்தா. எந்தக் கையிலயாச்சும் போடு, பசிக்குது."

இடது கையால் போட்டேன். அவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். வேன் படியில் என் ஓரகத்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்ததை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மணிமண்டபத்துக்கு மூன்று மணி வாக்கில் போய்ச் சேர்ந்தோம். அங்கேயும் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள். சிலையின் காலடியில் தலைவி பையைத் திறந்து கோயில் குங்குமத்தை எடுத்து வைத்தார். மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் ஓரகத்தி படியில் ஏறி நின்று மைக்கைச் சரிசெய்தாள். புருஷனைப் பறிகொடுத்த ராணி எப்படிப் படை சேர்த்தாள், எப்படிச் சீமையைத் திரும்பப் பிடித்தாள் என்று வழக்கம்போல் சொன்னாள். முடிக்கிற இடத்தில் முடிக்கவில்லை. குரலை இறக்கினாள்.

ராசா ஒருத்தர் ரோடு போட்டால், ஏன் போட்டார் என்று நாம் யாராவது கேட்டிருக்கிறோமா என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். இல்லை என்று நாலைந்து பேர் சொன்னார்கள். மதுரை ராணி போட்ட ரோட்டுக்கு மட்டும் எதற்கு ஒரு வெற்றிலை வேண்டியிருக்கிறது என்றாள். மறுபடியும் காத்திருந்தாள். நான் சோற்றுக் கரண்டியோடு சொன்ன அதே விஷயம். ஆனால் அவள் அதை ஒரு முழம் பூவைத் தொடுக்கிற மாதிரி தொடுத்தாள். கடைசியில் சொந்தமாக ஒன்றும் சேர்த்தாள்.

"நம்ம வீட்டுலயும் அம்புட்டுத்தான். பொம்பள நல்லது செஞ்சா, எதை மறைக்க இதைச் செய்யுறான்னுதான் பாப்பாக."

அப்படிக் கைதட்டி நான் பார்த்ததில்லை. ஒரு அம்மா மூக்கைச் சிந்தினார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இதை எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்டார். தோணுச்சு மேடம் என்றாள்.

தூணோரம் நின்றிருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எடுத்துக்கொண்டாளே என்று ஒரு பங்கு எரிச்சல். என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாளே என்று மூன்று பங்கு. என் சொல் என் வாயில் இருந்தபோது அதற்குக் கிடைத்தது 'பசிக்குது'. அவள் வாய்க்குப் போனதும் கைதட்டு.

அப்போதுதான் தலைவி, யாரைப் பார்த்தும் இல்லாமல், சிலைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

"தோணுனது இந்தப் பிள்ளைக்கில்லையே. சோறு போட்ட ஆத்தால்ல அங்ஙன வச்சுச் சொல்லுச்சு."

மேடம் திரும்பி என்னைத் தேடினார். என் ஓரகத்திக்கு முகம் மாறியது ஒரு நொடிதான். அடுத்த நொடி சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்து மைக்கை என்னிடம் நீட்டினாள். ஆமா, எங்க அக்கா சொன்னதுதான், வாங்கக்கா, நீங்களே சொல்லுங்க என்றாள். என்னால் முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

நான் கையை நீட்டினேன். இடது கைதான் போனது. மாற்றவில்லை.

அடுப்புக்கு முன்னால் பேசிப் பார்த்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரு வரி நினைவு வரவில்லை. தலையைக் குனிந்தேன். எதிரே வரிசையாக வெறும் கால்கள். கல் சூடு தாங்காமல் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார்கள். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

"எல்லாரும் மொதல்ல போயிச் செருப்ப மாட்டிக்கிட்டு வாங்க. கால் சுடும்னு மரம் வச்ச ராணியும் ஒண்ணும் சொல்ல மாட்டாக, இந்த ராணி குதிரையில போனவுக, அவுகளும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

ஸ்பீக்கரில் என் குரல் பெரிதாகக் கேட்டுப் பயந்துபோனேன். சிரித்தார்கள். ஆனால் இந்தச் சிரிப்பு வேனில் சிரித்தது மாதிரி இல்லை. அரண்மனைக் காவலாள் சொல்லியும் போடாதவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்கள். தலைவிதான் கடைசியாகப் போட்டார். வந்து நின்று, இப்பச் சொல்லுத்தா என்றார். நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது கேட்டால் கோர்வையாகச் சொல்ல வராது. இடையில் இரண்டு தடவை நின்றுவிட்டேன். அவர்கள் காத்திருந்தார்கள். கைதட்டு இருந்தது. அவளுக்குக் கிடைத்த அளவு இல்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வேனில் ஏறும்போது மேடம், புதன்கிழமை வீட்டுக்கு வாங்க, பேசவேண்டும் என்று என்னிடம் சொன்னார். வாரேன் மேடம் என்றேன். ஒரே தடவையில் அவருக்குக் கேட்டுவிட்டது.

திரும்பி வரும்போது என் ஓரகத்தி முன்சீட்டை விட்டுவிட்டுப் பின்னால் வந்து, காலிப் பாத்திரங்களுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.  அது அவளுக்கு வழக்கமில்லாதது. நானே கேட்டேன். மேடம் ஆள் கேட்டபோது என்னை ஏன் சொல்லவில்லை, நான் பேசமாட்டேன் என்று நினைத்தாயா என்று கேட்டேன். நினைக்காமல் இருக்க முடியுமா என்றாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"நீங்க அந்த வேனுக்குப் போயிட்டா என் வேனுக்கு யாருக்கா சோறு? புக் பண்றவுக மொதல்ல என்ன கேக்குறாக தெரியுமா, அதே சாப்பாடுதானான்னுதான் கேக்குறாக. நான் தொண்ட கிழிய ராணியப் பத்திப் பேசுறேன். எறங்கிப் போறப்ப புளியோதர நல்லாருந்துச்சுன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போறாக. ஒருத்தராச்சும் நீ பேசுனது நல்லாருந்துச்சுன்னு சொல்லிருக்காகளா, கேளுங்க."

நான் கேட்கவில்லை. பாவமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கு இருந்தது சந்தோஷம். இவளுக்கும் என்னைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது, அதுவும் இத்தனை ஞாயிற்றுக்கிழமையாக என்று நினைக்க நினைக்க, மதுரை வந்து சேரும் வரைக்கும் ஜன்னல் காற்று நன்றாக இருந்தது.

இப்போது இரண்டாவது வேன் என்னுடையது. எனக்கும் அட்டை கொடுத்திருக்கிறார்கள். நாடா பச்சை. நீலம்தான் பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது. புளிக்காய்ச்சல் இரண்டு வேனுக்கும் நானே கிண்டுகிறேன், அவளுடைய வேன் சோற்றை அவளே கிளறிக்கொள்கிறாள். உப்புக் கம்மி என்று இரண்டு பேர் சொன்னதாக டிரைவர் அண்ணன் என்னிடம் சொன்னார். எந்த இரண்டு பேர் என்று விசாரித்துக்கொண்டேன். வெற்றிலைக் கதையை இரண்டு வேனிலும் சொல்கிறோம், அதற்குப் பிறகு நான் அன்றைக்குச் சொன்னதையும் சொல்கிறோம். கோயிலுக்குள் என் குரல் இரண்டாவது தூணைத் தாண்டுவதில்லை. அதனால் ஆட்கள் என்னை ஒட்டி நிற்கிறார்கள். மைக்கை இடது கையில்தான் பிடிக்கிறேன்.

போன மாதம் சிம்மக்கல்லிலிருந்து ஒரு அம்மா வந்தார். முன்பே ஒருதரம் என் ஓரகத்தியின் வேனில் வந்தவராம். சத்திரத்திலும் அரண்மனையிலும் நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். புளியமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோது, நல்லாத்தான் சொல்றீங்க, ஆனால் அந்த ரோடு விஷயத்தை மட்டும் அந்த வேன் அம்மா சொன்னால் உடம்பு சிலிர்த்துப்போகும் என்றார். ஆமாம், அவ நல்லாச் சொல்லுவா என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சம் புளியோதரை கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் இருந்தது.